உண்டியலில் போட்ட பணமும் கோயில்பிள்ளையின் பெயரும்

வாசகர் கடிதம், சுருக்கமாக

எழுதியவருக்கு 54 வயது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் வாழையும் வைத்திருக்கிறார். பெயர், ஊர், எந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு (அந்தக் கோயிலைச் சேர்ந்த சபை) என்பது எதுவும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்களில் பாதிக்கு மேல் ஒடிந்து விழுந்தன. மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். 2018 மே மாதப் பங்குத் திருவிழாவுக்கு இவர்தான் பொருளாளர். வீட்டுக்கு வீடு வசூலித்த திருவிழா வரியும் நன்கொடையுமாக வந்த பணம் கோயில் அலமாரியில் இருந்தது. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலையாளான கோயில்பிள்ளையிடம். மகளின் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வந்தபோது அலமாரியிலிருந்து 1,40,000 ரூபாயை எடுத்துக் கட்டிவிட்டார். ரப்பர் ஷீட் விற்ற காசு வந்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். அதற்குள் கமிட்டி கணக்குப் பார்த்தது. பணம் குறைந்தது. சாவி யாரிடமெல்லாம் இருந்தது என்று கேட்டார்கள். "என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போலீசுக்குப் போக வேண்டாம், ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி, அடுத்த மாதமே கோயில்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் இப்போது ஒரு கடையில் இரவுக் காவலுக்குப் போகிறார். அவர் மனைவி அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்துக்கு, வருவதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் அந்த வீட்டுக்கு 'கள்ளன் வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

2021-ல் இவர் வெளியூரில் ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தார். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அந்தக் குருவானவர். மூன்று வருஷமாகக் கவர் கவராகக் கோயில் உண்டியலில் போட்டு 1,40,000-ஐயும் முடித்துவிட்டார். வருஷாவருஷம் புனித தேவசகாயம் உயிர்விட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு நடந்துபோகிறார். மனைவிக்குக்கூட இதுவரை எதுவும் தெரியாது. இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று, அடுத்து கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும்.

அவர் கேட்பது மூன்று. கடவுள் மன்னித்தாயிற்று, பணமும் போய்ச் சேர்ந்தாயிற்று, இனியும் மனிதர்களிடம் சொல்ல வேண்டுமா? மூன்று வருஷம் தாண்டிவிட்டதால் வழக்கு வராது என்று ஒருவர் சொன்னது சரிதானா? சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாமா?

பதில்

சகோதரரே, கேள்விகளுக்குப் போவதற்கு முன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் பேசிவிடுகிறேன். சில ராத்திரிகளில் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று தோன்றுகிறது என்கிறீர்கள். அந்த நினைப்போடு தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104-க்கும் கூப்பிடலாம். கீழே நான் சொல்லும் எதையும் அந்த மனநிலையில் இருந்துகொண்டு செய்ய வேண்டாம். ஏழு வருஷத்துக்கு மேல் போய்விட்டது, மனதைச் சரிசெய்துகொள்ள இன்னும் இரண்டு வாரம் எடுப்பதில் தப்பில்லை. நீங்கள் செய்தது சரிசெய்யக்கூடிய காரியம். அதற்கு நீங்கள் உயிரோடும் தெளிவோடும் இருக்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. நான் வழக்கறிஞன், குருவானவர் இல்லை. ஆனால் இது சட்டக் கேள்வியைவிட விசுவாசக் கேள்வியாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற ஒருவனாக இதற்குப் பதில் சொல்கிறேன்.

உங்களுக்குக் கிடைத்த பாவமன்னிப்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பாவமன்னிப்போடு கணக்கு முடிந்துவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதைத் திருச்சபையே ஒப்புக்கொள்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ம் எண்ணை எடுத்துப் பாருங்கள். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, அந்தப் பாவம் விளைவித்த சேதத்தைச் சரிசெய்யும் வேலை பாவம் செய்தவருக்கு மிச்சம் இருக்கிறது என்பது அதன் பொருள். என்னென்ன சேதம் என்றும் அங்கேயே இருக்கிறது: திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும், காயத்துக்கு ஈடு தர வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டீர்கள். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன. 2487-ம் எண் இன்னும் நேராகப் பேசுகிறது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஈடு செய்யும் கடமை இருக்கிறது, வெளிப்படையாகச் செய்ய வழியே இல்லாதபோதுதான் மறைவாகச் செய்யலாம் என்கிறது. நீங்கள் மறைவான வழியை முதலிலேயே பிடித்துக்கொண்டீர்கள். அதிலும் ஈடு போய்ச் சேர்ந்தது கோயிலுக்கு. அந்த மனிதருக்கு ஒன்றும் போகவில்லை.

வக்கீல் புத்தி, ஒன்று கண்ணில் படுகிறது. குருவானவரிடம் பணம் எடுத்ததைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கோயில்பிள்ளை வேலை இழந்ததைச் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. சொன்னீர்களா என்று நான் கேட்க மாட்டேன், அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. நீங்களே யோசித்துப் பாருங்கள். பணத்தைப் பற்றி மட்டும் கேட்டவர் பணத்துக்கு மட்டும்தான் பரிகாரம் சொல்லியிருப்பார்.

பூசை தொடக்கத்தில் நாம் எல்லோரும் சொல்வது உங்களுக்கு மனப்பாடம். "எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே, உங்களிடமும்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அதில் "கடமையில் தவறியதாலும்" என்றும் வருகிறது. கமிட்டியில் நீங்கள் சொன்ன பதிலை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி அப்படிப் பதில் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த வாக்கியத்தை வைத்து உங்கள் மேல் அவதூறு வழக்கு போட்டாலும் நிற்காது. ஆனால் அதற்குப் பின் நீங்கள் பேசாமல் இருந்ததில் ஒரு மனிதர் கள்ளனாகிவிட்டார். அவர் உட்கார்ந்திருக்கும் அதே கோயிலில், அவர் காதுபட, வாராவாரம் "உங்களிடமும்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள்.

விவிலியத்தில் எண்ணிக்கை நூல் 5-ம் அதிகாரத்தில், ஒருவருக்கு நட்டம் உண்டாக்கியவர் அதை அறிக்கையிட்டு, முழு ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து நட்டப்பட்டவரிடம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவருக்கு உறவினர் எவரும் இல்லாவிட்டால்தான் அது குருவுக்குப் போகும். இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிவசூல்காரர் சக்கேயுவின் கதை நம்ம பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தான் யாரை ஏமாற்றினாரோ அவர்களுக்கே நாலு மடங்கு கொடுப்பதாக, ஊர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று சொன்னார். காற்றாடிமலைக்கு நடப்பதை நான் குறை சொல்லவில்லை. 1752-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயமும் செய்யாத குற்றம் சுமத்தப்பட்டவர்தான். அவரிடம் வேண்டிக்கொள்ள உங்களுக்கு நிறைய இருக்கும். ஆனால் கோயில்பிள்ளையின் வீடு அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

கோயில்பிள்ளைக்கு இருந்த வழிகள்

போலீசுக்குப் போகாமல் முடிந்ததை 'நல்லவேளை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நல்லவேளை. அவருக்கு அதுதான் பெரிய கேடு. புகார் போய், எப்ஐஆர் பதிந்து, வழக்கு நடந்திருந்தால் அவருக்கு எதிராக என்ன சாட்சியம் இருந்திருக்கும்? ஒரு சாவி. இன்னொரு சாவி இன்னொருவரிடம் இருந்தது. எந்த நீதிமன்றத்திலும் அவர் விடுதலை ஆகியிருப்பார், கையில் ஒரு தீர்ப்பு இருந்திருக்கும். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்த குற்றத்துக்கு விடுதலைத் தீர்ப்பு என்று ஒன்று கிடையாது. அவர் யாரிடம் போய் மேல்முறையீடு செய்வார்?

இப்போது அவரே வந்து என்னைக் கேட்டாலும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும். அவதூறுக்கு நட்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கு போட ஒரு வருஷம்தான் காலவரம்பு. குற்றவியல் அவதூறு வழக்குக்கு மூன்று வருஷம். வேலையை விட்டு நிறுத்தியதற்குப் பாக்கி கேட்பதற்கும் பொதுவாக மூன்று வருஷம்தான். எல்லாம் போய்விட்டது. அந்தப் பழியை எடுத்துப்போட அவர் கையில் சட்டம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் வாயைத் திறந்தால்தான் உண்டு. இந்தக் கடிதத்துக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மூன்று வருஷம் தாண்டினால் வழக்கு இல்லையா?

உங்களுக்கு இதைச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2018-ல் நடந்த செயல் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதற்கு வராது. நம்பிக்கை மோசடிக்கு 406-ம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த அளவு தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு என்பது சரி. ஆனால் அந்த மூன்று ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? குற்றம் செய்தவர் யார் என்றே தெரியாமல் இருந்தால், அது தெரிய வந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அதாவது, நீங்கள் வாய்திறக்கும் நாளில்தான் உங்கள் கணக்கில் முதல் நாள் தொடங்கும் என்று ஒருவர் நியாயமாகவே வாதாடலாம். நீதியின் நலனுக்குத் தேவை என்றால் தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இன்னும் ஒன்று. பொருளாளர் என்பதை வைத்து 408 அல்லது 409-ம் பிரிவைப் போலீஸ் சேர்த்தால் தண்டனை கூடும், காலவரம்பே கிடையாது. சம்பளம் வாங்காத கமிட்டிப் பொருளாளருக்கு அவை பொருந்தாது என்று நான் வாதாடுவேன். ஆனால் வாதாட வேண்டிய நிலை வரலாம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'ஒன்றும் வராது' என்ற தைரியத்தில் சொல்லிவிட்டு, பிறகு ஒரு நோட்டீஸ் வந்ததும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பின்வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடந்தால் அந்த மனிதருக்கு இரண்டாவது முறையும் அநியாயம். ஆபத்து என்னவென்று முழுசாகத் தெரிந்த பிறகு சொல்வதுதான் பொறுப்பை ஏற்பது.

நடைமுறையில் ஆபத்து எவ்வளவு? பணத்தைத் திருப்பிப் போட்டது குற்றத்தை அழித்துவிடாது. தண்டனை குறையவும் சமரசத்துக்கும் அது உதவும். 406-ம் பிரிவுக் குற்றத்தைப் பொருளின் உரிமையாளர், இங்கே கோயில் நிர்வாகம், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது என்று போகாமல், பொதுவாக நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும். இருந்தாலும் 406 ஜாமீனில் விடக்கூடாத பிரிவு என்பதால் முன்ஜாமீன் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் போட்டதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பதையும் மறக்காதீர்கள். கோயில் நிர்வாகம் அதை நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'இன்னும் ஒருமுறை கட்டு' என்றால் கட்டத்தான் வேண்டியிருக்கும். தோட்டத்தில் ஒரு துண்டை விற்க நேர்ந்தாலும் அதை ஒரு சாத்தியமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வருமா என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி அந்த இரகசியம் மீற முடியாதது, நேரடியாக மீறும் குரு சபைவிலக்குக்கு ஆளாகிறார். நம் நாட்டின் சாட்சியச் சட்டம் குருவானவருக்கு என்று தனிப் பாதுகாப்பு எதையும் எழுதி வைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. வழக்கறிஞரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது. ஆனால் கமிட்டி உறுப்பினரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொன்னால் அவரைச் சாட்சியாகக் கூப்பிடலாம். ஆகவே யாரிடம் முதலில் பேசுகிறீர்கள் என்பது முக்கியம்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் மனைவி. உங்கள் வீட்டில் இருப்பவர் ஊரில் நாலு பேர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்து ஒரு வழக்கறிஞர். தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மூன்றாவதாக யார் என்பதில் நான் கொஞ்சம் யோசித்தேன். பங்குத்தந்தையிடம் முதலில் போவதுதான் நம்ம ஊர் வழக்கம். போனால் அவர் நல்ல எண்ணத்தில் உடனே கமிட்டியைக் கூட்டுவார், கோயில்பிள்ளையையும் வரச்சொல்வார், எல்லோர் முன்னாலும் கைகொடுக்கச் சொல்வார். நான் இதற்கு உடன்பட மாட்டேன். முதலில் அந்த மனிதரிடம் போங்கள், அவர் வீட்டில், அவர் மனைவியும் இருக்கும்போது. அன்றைக்கே, அல்லது மறுநாள், பங்குத்தந்தையை அலுவலகத்தில் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், வெளியே, நிர்வாகி என்ற முறையில் சொல்லுங்கள்.

கோயில்பிள்ளையிடம் போகும்போது ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். காலில் விழவும் வேண்டாம். இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நம்மிடம் மன்னிப்பு என்றால் காலில் விழுவது என்றே ஆகிவிட்டது. பத்துப் பேர் முன்னால் நீங்கள் விழுந்தால் அவர் உங்களைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கியவுடன் மன்னித்தாயிற்று என்று ஊர் கலைந்துவிடும். ஏழு வருஷக் கோபத்தைக் காட்ட அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லுங்கள். ஒக்கிப் புயலையும் மகளின் கட்டணத்தையும் அவராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவருக்கும் அந்த வருஷம் மரம் விழுந்திருக்கலாம், அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். 'மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை' என்று கெஞ்சாதீர்கள். கிறிஸ்தவர் என்பதால் அவர் மன்னித்தே ஆக வேண்டும் என்று அவருக்குப் பிரசங்கம் செய்யும் தகுதி இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குக் கிடையாது.

பிறகு அவரிடம் ஒன்று கேளுங்கள்: இதை எப்படி வெளியே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? பூசை முடிவில் வாசிக்கச் சொல்வாரா, கமிட்டியில் மட்டும் சொன்னால் போதும் என்பாரா, பத்திரமாகக் கையில் ஒரு கடிதம் இருந்தால் போதுமா, அது அவர் முடிவு. பழி ஊர் முழுக்கப் பரவியது என்பதால் வெளிப்படையாகச் சொல்வதே முறை என்பது என் எண்ணம். ஆனால் அவர் குடும்பம் மறுபடியும் பேச்சுப்பொருளாக வேண்டாம் என்று அவர் நினைத்தால் அதை மீறக் கூடாது.

கடிதம் எழுதும்போது

வழக்கறிஞர் பார்த்துச் சரிசெய்த ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த மாதம், எவ்வளவு பணம், எடுத்தது நான், கோயில்பிள்ளைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, கமிட்டி கேட்டபோது நான் மறைத்தேன். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். 'சில தவறுகள் நடந்துவிட்டன, யார் மனதாவது புண்பட்டிருந்தால்' என்று தொடங்கும் கடிதத்தை நான் கிழித்துப் போடுவேன். அதைப் படிக்கிறவருக்கு யார் எடுத்தார் என்றே தெரியாது.

வெற்றுத்தாளிலோ எழுதாத ஸ்டாம்ப் பேப்பரிலோ யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'பணம் கட்டிவிட்டதால் வழக்கு போட மாட்டோம்' என்று கமிட்டி எழுதிக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். குற்ற வழக்கை மறைக்கப் பணம் பேசும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடும், உங்களுக்கும் அவர்களுக்கும் புதிய சிக்கல்தான் வரும். பண விஷயத்தை முறையாக முடிக்க விரும்பினால், வழக்குக்கு முந்தைய சமரசமாக லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) எடுத்துப்போகலாம். அங்கே ஏற்படும் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது.

கமிட்டி கோபத்தில் உங்கள் குடும்பத்தையே ஒதுக்கிவைக்கப் பார்க்கலாம், இஷ்டத்துக்கு அபராதம் விதிக்கலாம். உங்கள் மேல் கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு வைக்க உரிமை இல்லை. அப்படி நடந்தால் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். கமிட்டிக்கும் இங்கே ஒன்று சொல்ல இருக்கிறது, அவர்களில் யாராவது இதைப் படிக்கக்கூடும். விசாரிக்காமல் ஒரு ஏழையை வீட்டுக்கு அனுப்பியது நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம். கத்தோலிக்கப் பங்குகளில் மட்டும் இது நடக்கவில்லை. சிஎஸ்ஐ சபைகளிலிருந்தும் இரட்சணிய சேனையிலிருந்தும் இதே மாதிரிக் கணக்குக் கதைகள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் முதலில் சந்தேகப்படுகிற ஆள் கூட்டிப் பெருக்குகிறவராகவே இருக்கிறார்.

ஈடு எவ்வளவு?

சட்டப்படி இன்றைக்கு அவருக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கடன்பட்டவர் இல்லை. அதனால் நான் தொகை சொல்லப் போவதில்லை. அவர் இழந்த மாதச் சம்பளம் எவ்வளவு, வேறு வேலை கிடைக்கும்வரை எத்தனை மாதம் சும்மா இருந்தார், கோயில்பிள்ளைக்கு என்று கிடைக்கும் திருவிழாப் படி, அரிசி எல்லாம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வையுங்கள். அதை அவரிடம் சொல்லும்போது, வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தள்ளினால் பிள்ளைகள் பெயரில் போட்டுவிடலாமா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் போட வேண்டாம். மறைவாகக் கவரில் போடும் பழக்கம் இத்தோடு முடியட்டும். அவருக்கு மறுபடியும் கோயில் வேலை வேண்டுமா என்பதையும் பங்குத்தந்தையிடம் நீங்களாக முடிவுசெய்து பேசாதீர்கள். ஒருவேளை அந்தச் சாவியை இனிக் கையில் தொடவே அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாமா?

கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். கல்யாணம் முடிந்து, பிறகு இது வெளியே வந்தால், மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்ற பேச்சு உங்கள் மகள் தலையில் விழும். ஒருமுறை உங்கள் பாரத்தை இன்னொருவர் சுமந்தது போதும். ஓலை வாசிப்பதற்கு முன் மகளிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டில் எப்படி, எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும், கல்யாணம் அவளுடையது. கட்டணப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் அவள் மீது எந்தக் குற்றமும் வராது. அவள் படிப்புக்கும் வேலைக்கும் இதனால் சட்டப்படி எந்தப் பாதிப்பும் இல்லை. 'உனக்காகத்தான் எடுத்தேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் எடுக்கச் சொல்லவில்லை.

சம்பந்தம் முறிந்துபோகலாம், அந்த ஆபத்து இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தேதியை இரண்டு மாதம் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். கல்யாண வீட்டு அவசரத்தில் செய்யும் காரியம் இல்லை இது.

ஒருவேளை கோயில்பிள்ளை உங்களை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டால், கடிதத்தை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, அவர் மனம் மாறும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே பங்குத்தந்தையிடம் போங்கள். அவர் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் பணம் எடுத்தது யார் என்பது கமிட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். ஊர் முன்னால் வாசிப்பதை மட்டும் அவர் பதில் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். கடிதத்தில் மூன்று பிரதி எடுத்து மூன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று கோயில் அலுவலகத்துக்கு. அங்கே கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்கி, மூன்றாவது பிரதியோடு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து வையுங்கள்.